பத்து மில்லிமீட்டர் தீர்ப்பு

"பையனுக்கு வயித்துல நெறி கட்டியிருக்காம் டாக்டர்" என்று ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டும் அம்மாக்களைப் பார்க்காத குழந்தை மருத்துவர் நம்மூரில் இருக்க முடியாது. கழுத்திலோ அக்குளிலோ கைக்குத் தட்டுப்படுவதைத்தான் நெறி என்போம். வயிற்றுக்குள், குடலைத் தாங்கும் சவ்விலும் (குடல்தாங்கி), முதுகெலும்பை ஒட்டி மகாதமனியின் இருபுறமும் கிடக்கும் நிணநீர்க் கணுக்கள் எந்த விரலுக்கும் எட்டாதவை. அவற்றைப் படத்தில் மட்டுமே காண முடியும். அந்தப் படத்தை வைத்து நோயா இல்லையா என்று முடிவுகட்ட, சி.டி. ஸ்கேன் காலத்திலிருந்து ஒரு விதி ஆண்டுவருகிறது: கணுவின் குறுக்களவு 10 மி.மீ.க்கு மேலிருந்தால் சந்தேகம், கீழிருந்தால் நிம்மதி. இத்தனை அதிகாரத்துக்கு அந்த விதி தகுதியானதா?

அது எப்படி வந்தது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. 1950களில் லண்டன் அறுவை மருத்துவர் கின்மந்த் வழிகாட்டிய முறை வேறு மாதிரி. பாதத்தின் மேற்புறத்தில் நூலிழை போன்ற நிணநீர்க் குழாயைத் தேடிப்பிடித்து ஊசியை நுழைப்பார்கள். பிற்பாடு அதன் வழியே எண்ணெய் மருந்தை மெல்ல ஏற்றினார்கள். மறுநாள் எக்ஸ்ரேயில் கணுவின் உட்புறமே தெரியும். புற்று பிடித்த இடம் மட்டும் மருந்து ஏறாமல் பள்ளமாகக் காட்டும். நோயாளிக்குப் பெரும்பாடுதான், குடல்தாங்கிக் கணுக்கள் அதில் தெரியவும் செய்யா. சி.டி. வந்ததும் அந்த வித்தை வழக்கொழிந்தது. சி.டி. எல்லாக் கணுக்களையும் காட்டியது, ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அதனால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் வெளியே அளக்க ஆரம்பித்தோம்.

அளப்பதிலும் ஒரே கோல் செல்லாது. 130 பேரின் படங்களைப் பார்த்து 1991இல் வெளியான அமெரிக்க ஆய்வு, இயல்பான அளவின் மேல் எல்லையை இடவாரியாகப் பிரித்தது: உதரவிதானக் காலுக்குப் பின்னால் 6 மி.மீ., மகாதமனியின் கீழ்ப்பகுதியில் 11 மி.மீ. ஒரே 8 மி.மீ. கணு ஓரிடத்தில் குற்றவாளி, இன்னோரிடத்தில் அப்பாவி.

விதி மோசமாகச் சறுக்கும் இடம் விரைப் புற்றுநோய். கருவில் விரை உருவாவது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். கீழே இறங்கும்போது தமனியையும் நிணநீர்ப் பாதையையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் விரையில் தோன்றும் புற்று பக்கத்திலிருக்கும் கவட்டியை விட்டுவிட்டு, பிறந்த ஊருக்கே திரும்புகிறது. இடது விரையிலிருந்து கிளம்பினால் பெரும்பாலும் இடது சிறுநீரகச் சிரைக்குக் கீழே, மகாதமனியின் இடப்புறம். வலதிலிருந்து என்றால் மகாதமனிக்கும் பெருஞ்சிரைக்கும் இடையில். இவ்வளவு துல்லியமாகத் துப்புக் கொடுக்கும் உடற்கூறு வேறு எங்கு கிடைக்கும்? ஆனால் அளவுகோல் இடத்தைக் கேட்பதே இல்லை.

1997இல் வந்த ஓர் ஆய்வு விரைப் புற்றில் இந்த அளவுகோலைச் சோதித்தது. 10 மி.மீ. எல்லை வைத்தபோது நல்லவர் ஒருவர்மீதும் பழி விழவில்லை. ஆனால் நோய் பரவியிருந்தவர்களில் 37 சதவீதத்தினரே பிடிபட்டார்கள். எல்லையை 4 மி.மீ.க்கு இறக்கினால் 93 சதவீதம் சிக்கினார்கள். கூடவே, பரவல் இல்லாதவர்களில் நூற்றுக்கு 42 பேர் வீணாகச் சந்தேகத்துக்கு ஆளானார்கள். வீண் சந்தேகம் சின்ன விஷயமல்ல: அந்தக் கணுக்களை அகற்றும் அறுவையில் விந்து வெளியேற்றத்துக்கான நரம்புகள் சேதமாகலாம், நோயாளிகளோ பெரும்பாலும் இளைஞர்கள். ஆக, எந்த எண்ணை வைத்தாலும் ஒரு கூட்டம் அடிபடுகிறது.

புராஸ்டேட் புற்றுநோயிலும் இதே கதை. 2003இல் 80 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் புற்று பரவிய கணுக்கள் 63. அவற்றில் 45 வழக்கமான அளவுக் கணக்குப்படி சாதாரணமானவை. அவற்றைக் காட்டிக்கொடுத்தது நுண்ணிய இரும்புத் துகள். ஆரோக்கியமான கணு துகளை விழுங்கி எம்.ஆர்.ஐ.யில் கறுக்கும், புற்று குடியேறிய பகுதி வெளுப்பாகவே நிற்கும். பழைய எண்ணெய் மருந்தைப் போல இதுவும் உள்ளே எட்டிப் பார்க்கும் வழி. ஆனால் அந்தத் துகளுக்கு ஐரோப்பிய அனுமதி கேட்ட விண்ணப்பம் 2007இல் திரும்பப் பெறப்பட்டது, அளவுகோல் பிழைத்துக்கொண்டது. பெட் ஸ்கேனையும் முழுதாக நம்ப முடியாது: நம் நாட்டில் காசநோய்க் கணுவும் புற்றைப் போலவே பளீரென்று ஒளிரும்.

விதிக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். கணு அவரை விதை வடிவம். நீளவாக்கு அளவு வெட்டுக்கு வெட்டு மாறும், குறுக்களவு அவ்வளவாக ஏமாற்றாது. ஒரே நோயாளி, ஒரே கணு, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் என்று ஒப்பிடும்போது இதைவிட எளிய கருவி இல்லை. சிகிச்சைக்குக் கட்டி எப்படிப் பதிலளிக்கிறது என்று மதிப்பிடும், 2009இல் திருத்தப்பட்ட ரெசிஸ்ட் நெறிமுறை குறுக்களவையே எடுத்துக்கொண்டது சரியான முடிவுதான். அதிலும் இலக்காக வைத்துப் பின்தொடர 15 மி.மீ. வேண்டும் என்று கேட்கிறது. மவுஸ் ஒரு மில்லிமீட்டர் நழுவினால் 9 பத்தாகிவிடும் என்று தெரிந்தவர்கள் எழுதியது.

எனவே சிகிச்சையின் பலனை அளக்க இந்தக் கோல் இருக்கட்டும். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று முதல் படத்தில் தீர்மானிக்கும் வேலையை இதனிடமிருந்து பறித்துவிடலாம். குழந்தைகளின் வயிற்றுவலியிலும்தான்: சிறுநீரகக் கல்லுக்காக சி.டி. எடுத்த பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு 5 மி.மீ.க்கு மேற்பட்ட குடல்தாங்கிக் கணுக்கள் இருந்ததாக 2005இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னாலே பாதிப் பயம் போய்விடும்.

ரிப்போர்ட்டில் வரும் "குறிப்பிடத்தக்க கணு வீக்கம் இல்லை" என்ற வரிதான் எனக்கு உறுத்துகிறது. யாருக்குக் குறிப்பிடத்தக்கது? இடது விரையில் கட்டி எடுத்த இளைஞனின் ரிப்போர்ட் இப்படி இருக்கலாம்: மகாதமனிக்கு இடப்புறம், இடது சிறுநீரகச் சிரைக்குச் சற்றுக் கீழே, 7 மி.மீ., உருண்டை, முந்தைய படத்தில் இல்லை.