சேற்றுக்குக் காது கிடையாது

கல்கியின் பொன்னியின் செல்வனில் கடல் என்று பேச்செடுத்தால் போதும், எல்லோரும் சுழிக் காற்றுக்கு ஓடிவிடுகிறார்கள். இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயங்கள். பாய்மரம் தீப்பிடிக்கிறது, நண்பனைக் காப்பாற்ற இளவரசர் அலைக்குள் படகை விடுகிறார், கடைசியில் அந்தப் படகும் உடைகிறது. வடசென்னையில் காசிமேட்டில் கேட்டாலும் சரி, எர்ணாவூரில் கேட்டாலும் சரி, இதே பதில்தான். கடலோரத்துக்காரர்களுக்குப் புயல் பிடிப்பதில் வியப்பில்லை. வர்தாவும் மிக்ஜாமும் வீட்டுக்குள் வந்துவிட்டுப் போன ஊர் இது. எனக்கு மட்டும் அந்தப் பாகம் அதன் இரண்டாம் அத்தியாயத்திலேயே உச்சிக்குப் போய்விடுகிறது. 'சேற்றுப் பள்ளம்'. அதற்குப் பிறகு வரும் புயலை நான் படிக்கிறேன், ரசிக்கிறேன். ஆனால் திரும்பத் திரும்பப் போய் நிற்பது கோடிக்கரைச் சேற்றில்தான்.

அதில் நடப்பது என்ன? ஒன்றுமே இல்லை என்றுகூடச் சொல்லலாம். இலங்கைக்குப் போகப் படகு வேண்டி வந்தவன், படகுக்காரப் பெண் பூங்குழலி ஓடுவதைக் கண்டு பின்னால் ஓடுகிறான். அவளுக்குத் தரை தெரியும். இவனுக்குத் தெரியாது. மாட்டிக்கொள்கிறான். துரத்தப்பட்டவளே திரும்பி வந்து இழுத்துப் போடுகிறாள். கதைச் சுருக்கம் எழுதுகிறவர்கள் முதலில் வெட்டியெறிவது இதைத்தான். வெட்டினால் கதையில் ஓட்டை விழாது, வந்தியத்தேவனில்தான் விழும்.

அவன் அதுவரை எப்படிப் பிழைத்துவந்தான் என்று யோசித்துப் பாருங்கள். வாளை விட வாயால்தான். நந்தினியிடம் பனை இலச்சினையை வாங்கிக்கொண்டு தஞ்சைக் கோட்டைக்குள் நுழைந்தது வாயால். சக்கரவர்த்தியின் முன் 'அபாயம்' என்று சொல்லிவிட்டு, அது காதில் விழுந்த சின்னப் பழுவேட்டரையரிடம் 'அபயம்' என்றுதானே சொன்னேன் என்று மழுப்பியதும் வாயால். ஒரு நெட்டெழுத்தைக் குறிலாக்கித் தலையைத் தோளில் தக்கவைத்துக்கொண்டவன் அவன். அந்த இடத்தில் நமக்குச் சிரிப்பு வருவதும் கை சில்லிடுவதும் ஒரே நேரத்தில் நடக்கிறது. ஏனென்றால் எதிரே இருப்பவருக்குக் காது இருக்கிறது, அந்தக் காதில் சந்தேகம் இருக்கிறது. கல்கியின் நகைச்சுவை முழுக்க இந்த மாதிரிக் காதுகளை நம்பி நடப்பது. கடம்பூர் மாளிகை மதில்மேல் திடீரென்று ஒரு தலை முளைக்கிறதே, அங்கும் அப்படித்தான். யார் பார்க்கிறார்கள், யார் கேட்கிறார்கள் என்பதில்தான் அச்சமும் வேடிக்கையும்.

கோடிக்கரைச் சேற்றுக்குக் காது கிடையாது. சோழ நாட்டையே பேசிப் பேசிக் கடந்து வந்தவன், பேச்சு எடுபடாத ஒரு பொருளின்மேல் கால் வைக்கிறான். முழங்கால் போகிறது, தொடை போகிறது. பழுவேட்டரையரிடம் சொல்ல ஒரு கதை இருந்தது, சேற்றிடம் சொல்ல என்ன இருக்கிறது? இவ்வளவு பெரிய சூரனை எதிரியே இல்லாமல் தோற்கடித்துக் காட்டியதுதான் கல்கியின் குறும்பு. சத்தம் போட்டுச் சிரிக்க முடியாது, சிரிக்காமலும் இருக்க முடியாது. புயலில் இந்தக் குறும்புக்கு இடமில்லை. அங்கே இளவரசர் வந்துவிடுகிறார், நட்பு வந்துவிடுகிறது, தியாகம் வந்துவிடுகிறது. எல்லாம் உயர்ந்த விஷயங்கள். உயர்ந்த விஷயங்கள் கூடிய இடத்தில் வேடிக்கை ஒதுங்கி நின்றுகொள்ளும்.

இந்த வித்தை கல்கிக்குச் சரித்திரத்தால் வந்ததல்ல. திரு.வி.க.வின் நவசக்தியிலும் பிறகு ஆனந்த விகடனிலும் எழுதிய காலத்திலேயே அவர் கேலி எழுத்துக்காரர். 1941இல் சதாசிவத்துடன் சேர்ந்து கல்கி பத்திரிகை தொடங்கி, 1950 அக்டோபரில் பொன்னியின் செல்வனை ஆரம்பித்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நகைச்சுவைக்காரர் சரித்திரத்துக்குள் வந்தாரே தவிர, சரித்திரக்காரர் நடுநடுவே ஜோக் அடிக்கவில்லை. இந்த வரிசை முக்கியம். பின்னால் வந்தவர்கள் பலர் வரிசையைப் புரிந்துகொள்ளாமல், முப்பது பக்கம் போர், மூன்று பக்கம் கோமாளி என்று பிரித்துப் பிரித்து வைத்தார்கள்.

திருவொற்றியூரில் நாங்கள் சிலர் மாலையில் கூடுவதுண்டு. சங்கம் என்று பெயர் வைக்கிற அளவுக்கு ஒன்றுமில்லை. தேரடிப் பக்கம் ஒரு டீக்கடை, பெஞ்சு காலியாக இருந்தால் புத்தகப் பேச்சு. அதில் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தீவிர சாண்டில்யன் ஆள். கடல் புறாவின் மூன்று பாகமும் தலைகீழ்ப் பாடம். கல்கியின் கப்பல் அவருக்கு ஆகாது.

"இன்னா சார் கப்பல் அது? பாயி எப்போ எறக்குறான், சுக்கான் யார் கையில கீது, ஒண்ணும் சொல்லல. காத்து அடிச்சுது, தீ புடிச்சுது, அவ்ளோதான். இளையபல்லவன் கப்பல்ல ஏறினா மரம் எந்தப் பக்கம் சாயுதுன்னு சொல்லுவான் சார் சாண்டில்யன்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பாலூர்த் துறைமுகத்தின் சந்தடியையும் அகூதாவின் கடற்போர்ப் பாடத்தையும் சாண்டில்யன் எழுதியிருப்பது போலக் கல்கி எழுதவில்லை. ஆனால் கடல் புறாவின் நாயகன் இளையபல்லவன் ஒருமுறையாவது அசடு வழிந்ததுண்டா? அவன் எந்த ஆபத்திலும் அடுத்த மூன்று நகர்வை யோசித்து வைத்திருப்பான்; இதழோரம் ஒரு புன்முறுவல் வேறு. ஆபத்தில் புன்முறுவல் செய்கிற வீரனைக் கண்டால் எனக்குப் பயமே வருவதில்லை. அவன் தப்பித்துவிடுவான் என்று அவனுக்கே தெரிகிறது, நான் எதற்குக் கவலைப்பட வேண்டும்? வந்தியத்தேவனுக்கு அது தெரியாது. நீச்சல் சரியாக வராதவனைக் கடலுக்கு அனுப்புகிறார் கல்கி. அவன் சிரிப்பதில்லை, நம்மைத்தான் சிரிக்க வைக்கிறான்.

பெஞ்சில் இன்னொருவர் தமிழாசிரியர். அவருக்குப் பொன்னியின் செல்வனின் வைணவர் ஆழ்வார்க்கடியான்தான் எல்லாம். வீரநாராயணபுரத்துச் சமயச் சண்டை, கைத்தடி, முன்குடுமி. அரியும் அரனும் அடித்துக்கொள்கிற அந்தக் கூட்டம் நல்ல வேடிக்கைதான், நானும் ரசித்தவன்தான். ஆனால் அது திண்ணை வேடிக்கை. யாருடைய உயிரும் அதில் தொங்கவில்லை. நாவல் படமானபோது ஜெயராம் அதை அழகாகச் செய்தார். செய்ய முடிந்ததற்குக் காரணமே, அது நடித்துக் காட்டக்கூடிய நகைச்சுவை என்பதுதான். சேற்றுப் பள்ளத்தின் வேடிக்கை யார் முகத்திலும் இல்லை, நிலைமையில் இருக்கிறது. கூடவே பழையாறை வைத்தியர் மகன் பினாகபாணி வேறு. மூலிகை பறிக்க வந்த இடத்தில் பூங்குழலிமேல் காதல் கொண்டு, அதை வந்தியத்தேவனே தூது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறவன். அந்த அசட்டுக் காதல் பின்னால் காட்டிக்கொடுப்பதில் போய் முடிகிறதே, அதையும் கவனியுங்கள். கல்கியிடம் சிரிப்புக்கு ஆளானவன் எவனும் பத்து அத்தியாயத்துக்குள் கத்தியாகத் திரும்பலாம்.

விஞ்ஞானம் தெரிந்த இளைஞர் ஒருவர் ஒருநாள் பெரிய ஆட்சேபணை கொண்டுவந்தார். புதைசேறு மனிதனை முழுக்க விழுங்காது. 2005இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார்கள். சேறு உடம்பைவிடக் கனமானது, அதனால் இடுப்பளவோடு மிதப்பு நின்றுவிடும், கல்கி மிகைப்படுத்திவிட்டார் என்றார். நல்ல ஆட்சேபணை. ஆனால் எண்ணூர்க் கழிமுகத்தில் கால் வைத்த யாரையாவது கேட்டால் மீதியைச் சொல்வார்கள். சேறு விழுங்க வேண்டாம், பிடித்துக்கொண்டால் போதும். ஓதம் ஏறும்போது தண்ணீர் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். அந்தப் பிடியை விடுவிக்க மேலே உந்தி உந்திப் பயனில்லை. மெதுவாகச் சாய்ந்து உடம்பைப் பரப்ப வேண்டும், காலை ஆட்டி ஆட்டித் தண்ணீரை உள்ளே விட வேண்டும். கொசஸ்தலை ஆற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள், பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு முட்டிபோட்டு நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நடந்தால் இறங்கும், தவழ்ந்தால் தாங்கும். வந்தியத்தேவன் ஓடினான். வீரம், அவசரம், ஆண்பிள்ளைத்தனம் எல்லாவற்றையும் காலில் கட்டிக்கொண்டு ஓடினான்.

இப்போது அந்தக் கழிமுகத்தில் சேற்றைத் தேட வேண்டியிருக்கிறது என்பது வேறு துக்கம். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து படிந்து, கால் வைத்தால் சிமென்ட் கரைசல் போல இருக்கிற இடங்கள் உண்டு. அதில் இறாலும் இல்லை, கதையும் இல்லை.

ஆபத்தில் வருகிற சிரிப்பு யாருக்குச் சொந்தம் என்பதை இந்தப் பக்கத்துக்காரர்கள் 2017 ஜனவரியில் நன்றாகவே பார்த்தார்கள். காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் எண்ணெய்க் குழம்பு ஒதுங்கியது. வாளியால் அள்ளினார்கள். ஊர் முழுக்க அந்த வாளியைப் பார்த்துச் சிரித்தது, செல்போனில் படம் படமாகக் கேலி. கரையில் நின்று அள்ளியவர்களும் கேலி பேசத்தான் செய்தார்கள், ஆனால் அவர்கள் கேலி வேறு தினுசு. முழங்கை வரை கறுப்பாக இருக்கும்போது, மூச்சு முட்டும்போது பேசுகிற பேச்சு அது. கல்கி எழுதியது இந்த இரண்டாவது வகை. இன்றைக்குச் சரித்திர நாவல் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் வகைக்காரர்கள்.

பூங்குழலிக்கு வருகிறேன். அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அவள் பாடும் பாட்டையும் நிறைவேறாத காதலையும் பற்றியே பேசுகிறார்கள். படத்திலும் 'அலைகடல்' பாட்டுத்தான் மனதில் நின்றது. என்னைக் கேட்டால் அவள் பெருமை வேறு. நாவலில் வந்தியத்தேவனின் பேச்சுக்கு மயங்காத ஆட்கள் குறைவு. குந்தவைகூட ரசித்துவிடுகிறாள், நந்தினி பயன்படுத்திக்கொள்கிறாள். கலங்கரை விளக்கக் காவலரின் மகளுக்கு அது ஒரு காற்று, அவ்வளவுதான். சேற்றிலிருந்து அவனை இழுத்துப் போட்ட அன்றிரவே சதுப்பு நிலத்தில் குபீர் குபீரென்று எழும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டி, இவைதான் தன் காதலர்கள் என்கிறாள். கேட்கிறவனுக்குச் சிரிக்கவும் தோன்றும், ஓடவும் தோன்றும். மணலி எண்ணெய் ஆலையின் தீக்கொழுந்தை இரவெல்லாம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தக் காட்சி மாயமாகப் பட்டதே இல்லை. அதற்கு விஞ்ஞான விளக்கத்தையும் கல்கி போகிற போக்கில் சொல்லிவிடுகிறார், ஆனால் விளக்கம் வந்த பிறகும் பயம் குறைவதில்லை பாருங்கள். அங்கேதான் அவர் கைத்திறன். பிறகு நடுக்கடல் அத்தியாயம். ஒரு படகு, இரண்டு பேர். வாய் அவனிடம், துடுப்பு அவளிடம். யார் பேச்சு அங்கே செல்லும்? கடலில் விழுகிறான், மறுபடியும் அவள்தான் தூக்கிப் போடுகிறாள். சேற்றுப் பள்ளம் இல்லாமல் நேராக இங்கே வந்து படிக்கிறவனுக்கு இது வெறும் விபத்து.

அதனால்தான் சுருக்கப் பதிப்புகள்மேல் எனக்கு இவ்வளவு கோபம். முழுப் பதிப்புகளிலும் குறை உண்டு. 1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாகி, ஐந்து பாகமும் மலிவு விலையில் கிடைக்கின்றன. நல்லதுதான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அப்படித்தான் வாங்கினார்கள். ஆனால் தொடருக்கு மணியம் வரைந்த படங்களைத் தூக்கிவிட்டார்கள் பலர். மணியம் இல்லாத பொன்னியின் செல்வனில் ஆட்களின் நடையே தெரிவதில்லை. அவர் வரைந்த வந்தியத்தேவனின் உடம்பில் ஒரு துள்ளல் உண்டு, இவன் எங்கேயாவது போய் மாட்டிக்கொள்வான் என்று படத்தைப் பார்த்தாலே தெரியும். பிழை திருத்துவதும் போயிற்று. ஒரு பதிப்பில் பத்திக்கு நடுவே இரண்டு வரி காணாமல் போய், கரையேறியவன் யார், கரையேற்றியவள் யார் என்றே குழம்பிவிட்டது.

ஒலிப்புத்தகம் அதைவிட மோசம். என் பேத்தி காதில் மாட்டிவிட்ட ஒன்றைக் கேட்டேன். வாசித்தவருக்கு நல்ல குரல், அதுதான் தொல்லை. பழுவேட்டரையர் வந்தாலும் இடி முழக்கம், கோடிக்கரைக் குழகர் கோயில் பட்டர் பிரசாதம் கொடுத்தாலும் இடி முழக்கம். சேற்றுப் பள்ளத்தை அப்படி வாசித்தால் அது போர்க்களம் ஆகிவிடும். குரலை உயர்த்தவே கூடாது அங்கே. செய்தி வாசிப்பது போல, இவ்வளவு ஆழம் போயிற்று, இன்னும் இவ்வளவு போயிற்று என்று சமமாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டும்.

டாலி கிளார்க் நண்பர் அப்படி வாசிப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. வாழ்நாள் முழுக்க மூட்டை எண்ணிய குரல் அவருடையது, ஏற்ற இறக்கமே கிடையாது. கேட்டுப் பார்த்தேன். கடல் புறாவின் முதல் பாகத்தை நான் மறுபடி ஒழுங்காகப் படித்தால் தானும் இதை வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். படித்துக்கொண்டிருக்கிறேன். பாலூர்த் துறைமுகம் பிரமாதம்தான், சந்தேகமில்லை. இளையபல்லவன்தான் இன்னும் புன்முறுவல் செய்துகொண்டே இருக்கிறான்.