தேர்த் தச்சு

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்துக்கு ஓடுகிற ஆண்டாள் தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டன. எனக்கு அதில் வருத்தமில்லை. முட்டுக்கட்டை போடுகிறவர்களின் உயிர் முக்கியம். ரசிக்க வேண்டிய மரவேலை மேலே இருக்கிறது.

தேருக்கு வழக்கமான மரம் இலுப்பை. வைரம் பாய்ந்தது லேசில் உளுக்காது. பழுதுபார்க்கும் தச்சர் முதலில் தட்டிப் பார்ப்பார். 'கணீர்' என்றால் விட்டுவிடுவார். 'பொத்' என்றால் அந்த இடத்தை மட்டும் அறுத்தெடுத்து, ரேகை ஓட்டம் பார்த்துப் புதுக்கட்டை இழைத்து, கழுந்தும் துளையுமாகச் சேர்ப்பார். தேர் ஆடி அசைந்து வரும்போது இணைப்பு விறைத்து நின்றால் மரம் பிளக்கும். கழுந்து கொஞ்சம் இடம் கொடுக்கும். புது யாளிக்குப் பழைய யாளியின் முறைப்பு வராது, பரவாயில்லை. சில ஊர்களில் வார்னிஷை அப்பிச் சிற்பங்களின் மூக்கை மழுங்கடிப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.