யாரும் பேசாத டெமோ

அம்மாவுக்குக் காது மிஷின் மாற்ற வேண்டியிருந்ததால் மூன்று கம்பெனிகளின் விளம்பரக் கையேடுகளை உட்கார்ந்து படித்தேன். மூன்றிலும் காற்றிரைச்சலைக் குறைக்கும் வசதி இருக்கிறது. மூன்றிலும் கடற்கரையில் நரைமுடி பறக்கச் சிரிக்கிற ஒரு தம்பதியும் இருக்கிறார்கள். ஒரு கம்பெனி கேட்டுப் பார்க்க ஒலிப்பதிவே கொடுத்திருந்தது. முதலில் தகரக் கொட்டகையில் புயல் அடிப்பதுபோல் சத்தம். பட்டனை அழுத்தியதும் அமைதி. அசந்துபோனேன். இரண்டாவது தடவை கேட்டபோதுதான் உறைத்தது, அந்தப் பதிவில் யாருமே பேசவில்லை.

அம்மா இருப்பது உடுமலைப்பேட்டையில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பி ஊரைச் சுற்றிக் காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள். ஆனி, ஆடியில் மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் அம்மா முதலில் செய்வது மிஷினைக் கழற்றி டப்பாவில் போடுவதுதான். வண்டியில் பின்னால் உட்காரும்போதும் அப்படித்தான். "ஒரே எரைச்சலா இருக்குது கண்ணு, தலையே வலிக்குது." அப்புறம் நான் வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பது எதுவும் அவருக்குக் கேட்காது. பின்னால் வருகிற லாரி ஹாரனும்தான்.

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, காற்றிரைச்சல் என்பது வெளியே எங்கோ பிறந்து காதுக்கு வந்து சேரும் ஒலி இல்லை. பக்கத்தில் நிற்பவருக்கு அது கேட்காது. காற்று தலையிலும் காது மடலிலும் மிஷினின் மேலும் மோதிச் சுழிக்கிறது. அந்தச் சுழல்கள் மைக்கின் துளையை நேரடியாக அமுக்கி விடுகின்றன. மைக்குக்கு அழுத்தம்தான் தெரியும். அது குரலா சுழலா என்று தெரியாது. காதுக்குப் பின்னால் மாட்டும் வகையில் மைக் மடலின் உச்சியில், காற்று வந்து மோதும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. சுழலின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். அதாவது வேகம் இரண்டு மடங்கானால் இரைச்சல் ஏறக்குறைய 12 டெசிபல் கூடும். வண்டியை 20 கிலோமீட்டரிலிருந்து 40-க்கு முறுக்கினால் அதுதான் கணக்கு.

இதைவிட வேடிக்கை, நல்ல மிஷின் என்று விற்கப்படும் இரட்டை மைக் மிஷின்தான் காற்றில் அதிகம் அடிவாங்குகிறது. எதிரே பேசுபவரின் குரலை மட்டும் எடுப்பதற்காக அது முன் மைக்கிலிருந்து பின் மைக்கைக் கழிக்கிறது. இரண்டுக்கும் நடுவே சுமார் ஒரு சென்டிமீட்டர். 200 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 1.7 மீட்டர். ஆக, கனத்த ஒலிகள் இரண்டு மைக்கிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி விழுகின்றன. கழித்தால் மிச்சம் கொஞ்சம்தான். அந்த இழப்பை ஈடுகட்ட, கீழ்ச்சுருதிப் பகுதியை மிஷின் பெரிதாக்கிக் கொடுக்கும். காற்றுச் சுழல்களோ ஒவ்வொரு துளையிலும் வேறு வேறு. கழித்தாலும் போகாது, கூடத்தான் செய்யும். அதோடு அந்தப் பெருக்கமும் சேர்ந்துகொள்ளும். காற்றின் பலமே கீழ்ச்சுருதியில்தான் என்பதால் வந்து விழுவது சரியாக அதே இடத்தில்.

பொறியாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இரண்டு மைக்கிலும் வருவது ஒத்துப்போகவில்லையென்றால் காற்று என்று முடிவுகட்டி, ஒற்றை மைக்குக்கு மாறி, கீழ்ச்சுருதியைக் குறைப்பதுதான் வழக்கமான வைத்தியம். கெட்டிக்காரத்தனமான வேலைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. வயதாகிக் காது மந்தமாகும் பலருக்குப் போவது மேல்சுருதி. கீழ்ச்சுருதி அவர்களுக்கு மிஷின் இல்லாமலேயே ஓரளவு கேட்கும். அதைக் குறைத்தால் பெரிய நஷ்டம் இல்லை. கனத்த இரைச்சல் மேல் பகுதியையும் மூடிவிடும் என்பதால் லாபம்கூட உண்டு.

ஆனால் என் அம்மா அந்தப் பலரில் ஒருவர் இல்லை. அவருக்கு எல்லாச் சுருதியிலும் இழப்பு இருக்கிறது, அச்செடுத்துக் காதை அடைத்து மாட்டும் மிஷின். 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதுதான் அவருடைய சொத்து. யார் பேசுகிறார்கள், ஆணா பெண்ணா, கோபமா கேள்வியா என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரிகிறது. 'அம்மா' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். உயிர் ஒலியும் மூக்கொலியும்தான் அதில் இருக்கின்றன. அதன் பலத்தில் பெரும்பங்கு கீழ்ச்சுருதியில். காற்றைக் குறைக்கிறேன் என்று வெட்டும்போது அதுவும் சேர்ந்து போகிறது.

அதனால்தான் யாரும் பேசாத டெமோ எனக்கு எரிச்சல் மூட்டுகிறது. இரைச்சல் எத்தனை டெசிபல் குறைந்தது என்பது பாதிக் கேள்வி. அதை மட்டும் கேட்டால் முதல் பரிசு ஆஃப் ஸ்விட்சுக்குத்தான். அம்மா பல வருஷமாகப் பயன்படுத்தும் தொழில்நுட்பம் அது!

ஆய்வுகள் இல்லாமல் இல்லை. ஜஸ்டின் ஜாகிஸ் 2011-ல் வெளியிட்ட அளவீடுகள், மைக் திணறிப்போகும் வேகத்துக்குக் கீழேயும் மேலேயும் காற்றிரைச்சலைப் பார்த்தவை. அந்தத் திணறல் முக்கியம். மைக் ஒரு தடவை எல்லைமீறி அறுபட்டுவிட்டால், அதற்கப்புறம் எந்தக் கணக்குப் போட்டும் உள்ளே இருந்த குரலை மீட்க முடியாது. அவர் எடுத்துக்கொண்ட வேகங்களில் ஒன்று நொடிக்கு 12 மீட்டர். படிக்கும்போது ஏதோ புயல் போலத் தோன்றும். பெருக்கிப் பார்த்தேன், மணிக்கு 43 கிலோமீட்டர். எங்கள் ஸ்கூட்டி தினமும் போகிற வேகம். கையேட்டில் ஏன் எப்போதும் கடற்கரை, ஏன் ஒரு பில்லியன் சீட்டுகூட இல்லை என்று கேட்கத் தோன்றியது.

இன்னொரு வழியும் இருக்கிறது. காற்று அடிக்காத பக்கத்துக் காது மிஷினிலிருந்து கீழ்ச்சுருதியை எடுத்து மற்ற காதுக்கு அனுப்புவது. வெட்டுவதற்குப் பதில் நல்லதை இரவல் வாங்குவதால் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் இரண்டு மிஷின் வாங்க வேண்டும், காற்றும் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். வண்டியில் காற்று முன்னாலிருந்து வரும், ஓட்டுபவரின் இரண்டு தோளிலும் உடைந்து சுழித்துப் பின்னால் இருப்பவரின் இரண்டு காதிலும் விழும். இரவல் கொடுக்க ஆள் இல்லை.

சரி, வாங்குபவர் எதைப் பார்த்து ஒப்பிடுவது? மிஷினோடு வரும் அளவீட்டுத் தாளில் அதிகபட்ச ஒலி, பெருக்கம், உருச்சிதைவு, உள்ளிரைச்சல், பேட்டரிச் செலவு எல்லாம் உண்டு. அமெரிக்கத் தரநிலை எஸ்3.22 கேட்பவை அவை. காற்றுக்கென்று அதில் ஒரு வரி கிடையாது. ஆகவே ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோதான காற்றில், தனக்குத் தோதான பக்கமிருந்து அளந்து எழுதிக்கொள்ளலாம்.

மிஷின் பொருத்தும் அறையோ கதவு சாத்தி, ஏசி போட்டு, ஊசி விழுந்தால் கேட்கும். போன மாதம் அங்கே ஆடியாலஜிஸ்ட்டிடம் கேட்டேன், "இங்க ஒரு டேபிள் ஃபேன் கிடைக்குங்களா?" முதலில் அவருக்குப் புழுக்கம் என்று நினைத்துவிட்டார். விளக்கியதும் சிரித்துக்கொண்டே வரவேற்பறையிலிருந்து தூக்கி வந்து அம்மாவின் முகத்துக்கு நேராக வைத்தார். நான் பின்னால் நின்று, வாய் தெரியாமல், பத்து ஊர்ப் பெயர் சொன்னேன். காற்றுக் குறைப்பு முழு அளவில் இருந்தபோது அம்மா சரியாகத் திருப்பிச் சொன்னது மூன்று. "இப்ப எரைச்சல் இல்லீங்க, நல்லாருக்குது," என்று அவரிடம் சொன்னார். அதைப் பாதியாகக் குறைத்து, திசை மைக்கையும் நிறுத்தியபோது ஆறு. இரைச்சலுக்கு முகம் சுளித்தார், ஆனால் கழற்றவில்லை.

ஒரே ஆள், பத்துச் சொல். இதை ஆராய்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவது அமைப்பைத் தனி புரோகிராமாகப் போட்டுக் கொடுத்தார்கள். வண்டியில் ஏறும்போது அம்மா இப்போது அதற்கு மாற்றிக்கொள்கிறார். 30-க்கு மேல் போனால் மட்டும் முதுகில் ஒரு தட்டு விழுகிறது.