பயம் போதவில்லை

ஒரே கதையை இரண்டு டைரக்டர்களைக் கொண்டு இரண்டு முறை படம்பிடித்து, இரண்டையும் வெளியிட்ட கூத்து ஹாலிவுட்டில் நடந்தது. 'எக்ஸார்ஸிஸ்ட்' படத்தின் முன்கதையைத்தான் சொல்கிறேன். பிளாட்டியின் நாவல் வந்தது 1971-ல். அதை ஃப்ரீட்கின் படமாக்கியது 1973-ல். அதில் பேயோட்ட வரும் முதிய பாதிரியார் மெரின், முன்னொரு காலம் ஆப்பிரிக்காவில் அதே பேயைச் சந்தித்தவர். அந்தச் சந்திப்பைத் தனிப் படமாக்க மார்கன் கிரீக் கம்பெனி ஆசைப்பட்டது.

முதலில் ஒப்புக்கொண்ட ஃபிராங்கன்ஹைமர் உடல்நலம் கெட்டு விலகினார், 2002-ல் காலமானார். அடுத்து வந்தவர் பால் ஷ்ரேடர். 'டாக்ஸி டிரைவர்' எழுதியவர், கண்டிப்பான கால்வினியக் குடும்பத்தில் வளர்ந்தவர். அவரிடம் பேய்க்கதையைக் கொடுத்தால் பாவத்தைப் பற்றித்தான் படம் எடுப்பார் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். எடுத்து முடித்ததைப் பார்த்த முதலாளிகளுக்குப் பயம் போதவில்லை. 2003-ல் ஷ்ரேடரை நீக்கிவிட்டு ரென்னி ஹார்லினை அழைத்தார்கள். அவர் ஏறக்குறைய முழுப் படத்தையும் புதிதாக எடுத்தார். பந்தலையும் மாப்பிள்ளையையும் வைத்துக்கொண்டு, பெண்ணை மாற்றி இன்னொரு முகூர்த்தம் நடத்தியதுபோல! மெரினாக நடித்த ஸ்கார்ஸ்கார்டும், ஒளிப்பதிவாளர் ஸ்டொராரோவும் இரண்டிலும் உண்டு. மற்ற முகங்களில் பல மாறிவிட்டன. போதாக்குறைக்கு ஹார்லின் ரோமில் காரில் அடிபட்டுக் கால் ஒடிந்து, கவைக்கோலோடு படம் எடுத்தார். 2004 ஆகஸ்டில் வந்த அந்தப் படத்தை விமரிசகர்கள் கிழித்துப் போட்டார்கள். பிறகுதான் ஷ்ரேடருக்குச் சொற்பத் தொகை கிடைத்தது. தம் படத்தை முடித்து 2005-ல் 'டொமினியன்' என்ற பெயரில் வெளியிட்டார்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் ஒரே இடத்தில் தெரிந்துவிடும். 1944, ஹாலந்து. ஒரு ஜெர்மானியச் சிப்பாய் கொலையுண்டதற்குப் பழியாக, ஊராரில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்துக் கொடு என்று நாஜி அதிகாரி மெரினை மிரட்டுகிறான். அவரும் காட்டிக் கொடுக்கிறார். ஷ்ரேடர் இதைப் படத்தின் வாசலிலேயே வைத்துவிட்டார். பிறகு கென்யாவில் மெரின் மண்வெட்டியோடு நிற்கும்போதெல்லாம் அந்தப் பத்துப் பேரும் நம் கண்ணில் நிற்கிறார்கள். இவர் எந்த முகத்தோடு பேயை எதிர்க்கப் போகிறார் என்ற கலக்கம் நமக்கே வந்துவிடுகிறது. ஹார்லின் அதே சம்பவத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, நினைவுக் காட்சிகளாக ஒளித்து ஒளித்துக் காட்டுகிறார். தொடர்கதைக்காரர்களின் பழைய தந்திரம் இது. வாசகன் ரகசியத்துக்காகக் காத்திருப்பான், பாத்திரத்தோடு வாழமாட்டான்.

இன்னொன்று. ஷ்ரேடரின் பேய் சேச்சே என்ற ஊனமுற்ற இளைஞனைப் பிடிக்கிறது. பிடிக்கப் பிடிக்க அவன் குணமாகிறான், அழகனாகிறான்! இதைவிடப் பயங்கரமான கற்பனை திகில் படங்களில் அபூர்வம். ஹார்லினிடம் புண்ணும் உறுமலும் ரத்தமும்தான். எல்லாம் 1973-லேயே பார்த்துவிட்டோம்.

'டொமினியன்' குறையற்ற படம் என்று சொல்லமாட்டேன். நடை மந்தம். கம்ப்யூட்டரில் செய்த கழுதைப்புலிகள் கொலுப் பொம்மைகளைப் போல இருக்கின்றன. காசில்லாமல் முடித்த படம் என்பது அங்கே அப்பட்டமாகத் தெரிகிறது. ஆனாலும் முடிவில் பேய், மெரினை மறுபடி அந்த டச்சுக் கிராமத்துக்கே கொண்டுபோய் நிறுத்தும்போது கழுதைப்புலிகள் மறந்துபோகின்றன. அவர் முகத்தை மட்டும்தான் பார்க்கிறோம்.