மருத்துவ உரிமத் தேர்வு: இங்கேயும் இலங்கையிலும்

நம் குமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் 2006 முதல் ஸ்ரீ மூகாம்பிகை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்கே எம்.பி.பி.எஸ். முடிக்கும் பிள்ளைக்கு உரிமத் தேர்வு என்று தனியாக எதுவும் இன்று கிடையாது. பல்கலைக்கழகத் தேர்வும் ஓராண்டுப் பயிற்சியும் போதும். அதே ஊரிலிருந்து ரஷ்யாவுக்கோ சீனாவுக்கோ போய்ப் படித்து வரும் பிள்ளை, எஃப்.எம்.ஜி.இ. என்னும் தகுதித் தேர்வில் தேறினால்தான் இந்தியாவில் மருத்துவராகப் பதிவு பெற முடியும். 2002 முதல் ஆண்டுக்கு இருமுறை இது நடக்கிறது. கேள்விகள் 300, தேற 150 மதிப்பெண் வேண்டும். பல தடவைகளில் ஐந்தில் ஒருவர் அளவுக்கே தேறியிருக்கிறார்கள். பெற்றோர் கடன் வாங்கிப் படிக்க வைத்த ஆறு ஆண்டுகள் அந்த ஒரு நாளில் தொங்குகின்றன.

அதனால்தான் வாசலில் அத்தனை கெடுபிடி. ஹால் டிக்கெட்டும் புகைப்பட அடையாள அட்டையும் காட்ட வேண்டும். விரல் ரேகை பதிய வேண்டும். உடல் சோதனைக்கு நிற்க வேண்டும். செல்போன், கைக்கடிகாரம், பர்ஸ் எதற்கும் அனுமதி இல்லை. மோதிரம், கம்மல், மூக்குத்தி, சங்கிலி எல்லாம் வீட்டிலேயே இருக்க வேண்டும். இவற்றில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். 2019இல் நீட் தேர்வை வேறொருவரை வைத்து எழுதியதாக ஒரு மாணவர் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் சிக்கியதைத் தமிழ்நாடு பார்த்தது. விரல் ரேகை வேண்டாம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. 2022 ஜூலையில், நம் மாவட்டத்துக்கு அருகே கொல்லம் ஆயூரில், நீட் எழுத வந்த மாணவிகளை உள்ளாடையைக் கழற்ற வைத்ததாகப் புகார் எழுந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு மறுதேர்வு நடந்தது. அந்தக் காலை வேளையின் அவமானத்தை எந்த மறுதேர்வும் துடைக்காது.

வாசலைத் தாண்டியபின் இன்னொரு காவல் இருக்கிறது. கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று தேர்வர் உறுதி கொடுக்க வேண்டும். எஃப்.எம்.ஜி.இ.யை நடத்தும் தேசியத் தேர்வு வாரியம் வினாத்தாளை வெளியிடுவதில்லை. இருந்தும் தேர்வு முடிந்த மாலையே 'ரீகால்' தொடங்கிவிடுகிறது. ஆளுக்குச் சில கேள்விகளை நினைவிலிருந்து எழுதி அனுப்ப, அவை தொகுப்பாகி அடுத்த தடவைக்குப் பயிற்சிப் பாடமாகின்றன. கேள்வியே தேர்வின் முழு உடம்பாக இருக்கும்போது, அது கசிந்தால் எல்லாமே போயிற்று.

இலங்கையிலும் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்குத் தனிப் பரீட்சை உண்டு. முன்பு 'ஆக்ட் 16' என்று அறியப்பட்டது, இன்று ஈ.ஆர்.பி.எம். அதை நடத்தும் பொறுப்பு இலங்கை மருத்துவ சபையுடையது. எழுத்துப் பரீட்சையோடு அது நிற்பதில்லை. பரீட்சார்த்தி நோயாளியைப் பரிசோதித்துக் காட்ட வேண்டும். வாய்மொழிக் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஈரல் வீங்கியிருக்கிறதா என்று வயிற்றில் கைவைத்துப் பார்க்கத் தெரியாதவருக்கு எந்த ரீகாலும் உதவாது. இந்தப் பகுதியில் பரீட்சையின் வடிவமே அதற்குக் காவல். இந்தியாவில் ஒரு தடவைக்கு முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் எழுதுகிறார்கள். அத்தனை பேரையும் நோயாளியின் கட்டிலருகே நிறுத்துவது கடினம்தான். ஆனால் எண்ணிக்கையைக் காரணம் காட்டி மருத்துவத்தின் பாதியைச் சோதிக்காமலே விடுவதை நான் நியாயம் என்று எண்ணவில்லை.

இதற்காக இலங்கையில் கசிவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அங்கே பொதுப் பரீட்சைகளுக்கு 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பரீட்சை நெருங்கியதும் டியூஷன் வகுப்புகளையும் மாதிரி வினாத்தாள் விநியோகத்தையும் பரீட்சைகள் திணைக்களம் தடை செய்கிறது. இங்கே நாம் கேள்விப்படாத கட்டுப்பாடு அது. அப்படியிருந்தும் 2024 ஜனவரியில் பள்ளி இறுதியான உயர்தரப் பரீட்சையின் விவசாய விஞ்ஞான வினாத்தாள் வெளியாகி, பரீட்சையை மறுபடி நடத்த வேண்டி வந்தது. பொதுத் தேர்வு முறைகேடுகளைத் தடுக்கும் இந்தியாவின் நடுவண் சட்டம் 2024 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் கடுந்தண்டனை, தாளைக் கசியவிடும் கும்பல்களுக்கும் தேர்வு நடத்தித் தரும் நிறுவனங்களுக்கும். தேர்வரைக் குறிவைத்து அல்ல. அது சரியான தீர்மானம்.

இங்கே பெரிய ஓட்டை தேர்வறையைத் தாண்டியும் இருந்திருக்கிறது. 2022 டிசம்பரில் சி.பி.ஐ. 91 இடங்களில் சோதனை நடத்தியது. தகுதித் தேர்வில் தேறாமலே வெளிநாட்டுப் பட்டதாரிகள் 73 பேர் பல மாநில மருத்துவக் கவுன்சில்களில் பதிவு பெற்றுவிட்டார்கள் என்பது வழக்கு. வாசலில் மூக்குத்தியைக் கழற்றச் சொல்லும் நாடு, பதிவு மேசையில் தேர்ச்சிச் சான்றிதழைச் சரிபார்க்கத் தவறியிருக்கிறது.

தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019, எல்லோருக்கும் பொதுவான 'நெக்ஸ்ட்' தேர்வைக் கொண்டுவரச் சொல்கிறது. அது வரும் நாளில் குலசேகரம் கல்லூரி மாணவரும் ரஷ்யாவிலிருந்து திரும்பியவரும் ஒரே தேர்வை எழுதுவார்கள். 2023இல் வெளியான விதிகளில் இரண்டாம் படியாக நோயாளியைப் பார்க்கும் செயல்முறைத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் இருக்கின்றன. செலவையும் எண்ணிக்கையையும் சொல்லி அந்த இரண்டாம் படியை ஆணையம் கைவிடக் கூடாது. ரீகால் தொகுப்புக்காகக் காத்திருக்கும் தம்பி தங்கையரிடமும் ஒன்று கேட்கிறேன்: கொடுத்த உறுதியைக் காப்பாற்றுங்கள், மிச்சமாகும் நேரத்தை வார்டில் செலவிடுங்கள்.