காணா ஆழமும் களையாப் பாயும்: புறம் 30 பற்றிய ஓர் ஆய்வு

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 30-ஆம் பாட்டு இரு கூறுடையது. ஞாயிற்றின் செலவையும் காற்றின் திசையையும் வானத்தின் இயல்பையும் நேரிற் சென்று அளந்தவர் போல இவ்வளவென்று கூறுவோர் உளர். அவரது அறிவிற்கும் எட்டாது, யானை தன் கவுளில் அடக்கிய கல்லைப் போல மறைந்துள்ளது மன்னனது வலிமை என்பது முற்கூறு. பாயையும் கூம்பையும் களையாமலும், மேலேற்றிய பாரத்தைக் குறையாமலும் ஆற்றுமுகத்திற் புகுந்த பெருங்கலத்தின் பண்டங்கள் பெருவழியிற் சொரியப்படும் நாட்டை உடையவன் அவன் என்பது பிற்கூறு. பிற்கூறு துறையின் நன்மையை உணர்த்துவதென்பர். அது பொருந்துவதே, ஆயினும் அவ்வுரையளவில் இரு கூற்றிற்கும் உள்ள இயைபு விளங்கவில்லை. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒடுங்கிய நீர்வழியிற் கலஞ்செலுத்தும் இயல்பு ஈண்டுத் துணைபுரியும். ஆழங்குறைந்த வழியிற் கலம் விரைந்து செல்லின், அதன் அடியிற் பாயும் நீரின் விசை மிகுந்து அழுத்தம் குறையும்; கலம் மேலும் தாழும். கரையை அணுகின் அதன் பின்புறம் கரைப்பக்கம் ஈர்க்கப்படும். பாய் இறக்குதல் விரைவையும், பாரம் குறைத்தல் தாழ்வையும் தணிக்கும். இவ்விரண்டும் செய்யாது புகுதற்கு மிக்க ஆழம் வேண்டும். 2021 மார்ச்சு 23-ஆம் நாள் 400 மீட்டர் நீளமுள்ள ‘எவர் கிவன்’ என்னும் கலம் சூயசுக் கால்வாயிற் குறுக்கே தட்டி, ஆறு நாள் வழியை அடைத்தமை இவ்விடரின் பெருமையைக் காட்டும்.

இத்தகைய இடரை முன்னறிதற்பொருட்டு, நீர்வழியின் ஆழம், காற்று, நீரோட்டம், கலத்தின் வடிவம் ஆகியவற்றைக் கணிப்பொறியில் எண்களாக அமைத்து, கலத்தைச் செலுத்திப் பார்க்கும் ஒப்புருவாக்க முறை இன்று வழங்குகின்றது. எக்கலம் எப்பொழுது புகலாம், எது காத்திருத்தல் வேண்டும் என்பனவும் இதனால் துணியப்படும். இதுவும் செல்லாமலே அளக்கும் முறையேயாம்.

இதுகொண்டு, ஒப்புருவாக்கத்தைச் சங்கப் புலவர் அறிந்திருந்தனர் எனக் கூறுதல் ஆராய்ச்சியாகாது. பாட்டு உணர்த்துவது கணிப்பின் பெருமையை அன்று, அதன் எல்லையை. மணல் பெயரின் கணித்த ஆழமும் பிழைபடும். ஆழம் கண்ணுக்குப் புலனாகாது. பாயொடும் பாரத்தொடும் புகும் கலமே அதனைப் புலப்படுத்தும். அவ்வாறே மன்னனது வலிமையும் மறைந்தது. பெருவழியிற் சொரியும் பண்டமே அதனைப் புலப்படுத்தும். மறைந்ததனை அதன் விளைவால் உணர்த்துதலே இரு கூற்றையும் இணைக்கும் இயைபு.

கலஞ்செலுத்துவோனைப் பாட்டுச் சுட்டாமை இம்முடிபிற்குத் தடையாகுமோ எனின், ஆகாது. மாடத்தில் ஒளிரும் விளக்கால் துறையை அறிந்து கலத்தைச் செலுத்தும் நீகானை மருதனிளநாகனாரின் அகநானூற்று 255-ஆம் பாட்டு காட்டுகின்றது. பரூகச்சத்தில் அரசனுடைய மீனவர் எதிர்சென்று கலங்களை ஆற்றினுள் கொணர்ந்தமையைக் கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த ‘பெரிப்ளூசு’ என்னும் கிரேக்க நூல் கூறும். கலஞ்செலுத்துவோனது திறம் அக்காலத்தார் நன்கறிந்த பொருளே. சாத்தனார் அதனை விடுத்தமைக்குக் காரணம் உண்டு. நீகானைக் கூறின் புகழ் அவனது திறத்திற்குச் செல்லும். கூறாமையால் அது துறையின் ஆழத்திற்கே ஆயிற்று. எனவே, துறை நன்மை கூறும் அளவில் நில்லாது, மறைந்த ஆற்றலுக்குச் சான்றாகவும் பிற்கூறு நிற்கின்றது என்பதே இவ்வாய்வின் முடிபாகும்.