கவுன்ட்-டவுன் நின்ற இடம்

மேனேஜர்களை மூன்று நாள் 'லீடர்ஷிப்' வகுப்புக்கு அனுப்பாத கம்பெனி இப்போது குறைவு. பெரும்பாலும் ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட். முதல் நாள் ஆளுக்கொரு ஸ்கெட்ச் பேனா கொடுத்து மனசில் இருப்பதைப் படமாக வரையச் சொல்வார்கள். இரண்டாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுத் தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில், ஒரு கதை தவறாமல் வரும். அப்துல் கலாம் கதை.

உங்களுக்குத் தெரிந்ததுதான். 1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் பயணம். கலாம் திட்ட இயக்குநர். கிளம்பிய ராக்கெட் 317 விநாடியில் கதை முடிந்து வங்காள விரிகுடாவில் விழுந்தது. நிருபர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் தானே முன்னால் போய் உட்கார்ந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 1980 ஜூலை 18-ல் அடுத்த எஸ்.எல்.வி.-3, ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது பேசுவதற்குக் கலாமை அனுப்பினார். தோல்வியைத் தலைவன் வாங்கிக்கொள்ள வேண்டும், வெற்றியை டீமுக்குக் கொடுத்துவிட வேண்டும். கைதட்டல். டீ பிரேக்.

நல்ல கதைதான். சொல்கிறவர்கள் அதில் பாதியை முழுங்கிவிடுகிறார்களே என்பதுதான் வருத்தம்.

முழுங்கிய பாதியும் கலாமே பல மேடைகளில் சொன்னதுதான். கவுன்ட்-டவுனின் கடைசி நிமிஷங்களில் கம்ப்யூட்டர் 'நிறுத்து' என்றது. கட்டுப்பாட்டு அமைப்பில் ஏதோ சரியில்லை. கலாமுடன் நிபுணர்கள் சிலர் இருந்தார்கள். கணக்குப் பார்த்துவிட்டு, கவலை வேண்டாம், இருப்பு போதும் என்றார்கள். கலாம் கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டு ராக்கெட்டை ஏவினார். முதல் கட்டம் சரியாகப் போனது. இரண்டாவது கட்டத்தில் கோளாறு.

தலைமைப் பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? விஷயம் தெரிந்த மாடரேட்டர் கதையை இங்கே, இந்த நிமிஷத்தில், நிறுத்திவிடுவார். 'மெஷின் நில் என்கிறது. நிபுணர்கள் போ என்கிறார்கள். டைரக்டர் நீங்கள்தான். இப்போது இவர்களிடம் என்ன கேட்பீர்கள்?' என்ன செய்வீர்கள் இல்லை, என்ன கேட்பீர்கள். இருப்பு போதும் என்பது எந்த அனுமானத்தில்? தப்பாகப் போனால் எத்தனையாவது விநாடியில் நமக்குத் தெரியும்? நீங்கள் ஆளாளுக்குத் தனித்தனியாகக் கணக்குப் போட்டீர்களா, ஒருத்தர் போட்டதற்கு மற்றவர்கள் தலையாட்டினீர்களா? இப்படி ஒரு மணி நேரம் ஓட்டலாம். பக்கத்தில் ராக்கெட் எரிபொருள் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் வாய் திறந்தால் இன்னும் விசேஷம்.

அப்படி நடப்பதில்லை. கதை ஒரே மூச்சில் முடிவுவரை போய்விடுகிறது. முடிவு தெரிந்த பிறகு யார் வேண்டுமானாலும் டைரக்டர்.

அமெரிக்க பிசினஸ் ஸ்கூல்களில் எண்பதுகளிலிருந்து நடத்திவரும் ஒரு பாடம் இருக்கிறது. கார்ட்டர் ரேஸிங் என்று பெயர். ஒரு கார் ரேஸ் கம்பெனி. 24 பந்தயங்களில் ஏழு தடவை என்ஜின் கேஸ்கெட் போயிருக்கிறது. இன்றைக்குப் பந்தயம், வழக்கத்துக்கு மாறாகக் கடும் குளிர். குளிர்தான் வில்லன் என்று ஒரு மெக்கானிக்குச் சந்தேகம். ஓட்டுவதா, வேண்டாமா? கேஸ்கெட் போன ஏழு நாட்களின் வெப்பநிலையை மட்டும் வகுப்பில் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு மாணவர்கள் காரசாரமாக வாதாடி, பெரும்பாலும் 'ஓட்டலாம்' என்று முடிவு செய்வார்கள். பேராசிரியர் நடுநடுவே ஒன்றே ஒன்று சொல்வார்: 'வேறு தகவல் வேண்டுமானால் கேளுங்கள்.' அநேகமாக யாரும் கேட்க மாட்டார்கள். கேஸ்கெட் போகாத மிச்சம் 17 நாட்களின் வெப்பநிலை அவர் சட்டைப்பையில் இருக்கும். அதைச் சேர்த்துப் பார்த்தால் குளிர்தான் காரணம் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். கடைசியில்தான் குண்டைப் போடுவார்: இது கார் இல்லை ஐயா, 1986 ஜனவரி 28-ல் ஏழு பேரோடு வெடித்த சேலஞ்சர் விண்கலம். கேஸ்கெட் என்று சொன்னது ரப்பர் வளையத்தை. ஏவுவதற்கு முந்தின நாள் ராத்திரி ராக்கெட் கம்பெனி என்ஜினீயர்கள் போன் கான்ஃபரன்ஸில் வேண்டாம் வேண்டாம் என்று மன்றாடியும் மேலிடத்தில் எடுபடவில்லை.

இந்தப் பாடத்தில் மாடரேட்டரின் வேலை எது? சட்டைப்பையில் தகவலை வைத்துக்கொண்டு, கேட்கிறவரைக்கும் காத்திருப்பது. சொல்லிவிட எவ்வளவு கை அரிக்கும்! அந்த அரிப்பை அடக்குவதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

மாடரேட்டருக்குத் தமிழில் சரியான வார்த்தை அமையவில்லை. 'நடுவர்' என்றால் சாலமன் பாப்பையா ஞாபகம் வருகிறார். அவர் கடைசியில் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ஜனம் வீட்டுக்குப் போகாது. மாடரேட்டர் தீர்ப்பே சொல்லக் கூடாது. 'நடத்துநர்' என்றால் பஸ் கண்டக்டர். யோசித்துப் பார்த்தால் இது அத்தனை மோசமில்லை. கண்டக்டர் வண்டியை ஓட்டுவதில்லை. யார் எங்கே ஏறினார், எங்கே இறங்க வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு சரியான இடத்தில் விசில் கொடுக்கிறார். படிக்கட்டில் தொங்குகிறவர்களை உள்ளே தள்ளுகிறார்.

இந்த விசில் வித்தையை நாம் ஒரு காலத்தில் ஒழுங்காகக் கற்றிருந்தோம். யுத்தம் முடிந்ததும் இங்கிலாந்தில் ஹென்லி என்ற ஊரில் நிர்வாகிகளுக்காக ஒரு கல்லூரி தொடங்கினார்கள். லெக்சர் குறைவு. சர்க்கார் ஆசாமி, தனியார் கம்பெனி ஆசாமி, பொதுத்துறை ஆசாமி என்று கலந்து பத்துப் பேர் சுமாருக்கு ஒரு குழு. ஒவ்வொரு விஷயத்துக்கும் குழுவிலிருந்தே ஒருவர் தலைவர், முறை வைத்து. கல்லூரி ஆசிரியர் ஒருவர் கூடவே இருப்பார், ஆனால் பாடம் எடுக்க மாட்டார். அதே மாதிரியில் 1956-ல் ஹைதராபாத்தில், நிஜாமின் மகன் வாழ்ந்த பெல்லா விஸ்டா மாளிகையில், அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஸ்டாஃப் காலேஜ் ஆஃப் இந்தியா வந்தது. ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் ஸ்ரீநாகேஷ் அதன் ஆரம்பகால முதல்வர். ஜெனரல் நடத்திய கல்லூரியில் ஆசிரியர் அதிகாரம் செய்யாமல் ஓரமாக உட்கார வேண்டும் என்பது விதி. அழகான முரண்.

இன்றைய ரிசார்ட் வகுப்பில் மாடரேட்டர் முக்கால்வாசி நிகழ்ச்சித் தொகுப்பாளர். காலர் மைக், ஜோக், கண்ணைக் கட்டிக் கயிறு பிடிக்கும் ஆட்டம். யாரும் வருத்தப்பட்டுவிடக் கூடாது என்பதில் குறியாக இருக்கிறார். ஏனென்றால் மாலையில் ஃபீட்பேக் ஃபாரம் உண்டு, அதில் ஐந்துக்கு நாலரையாவது வாங்கியாக வேண்டும். சப்ஜெக்ட் எக்ஸ்பர்ட் என்பவர் மூன்றாம் நாள் காலை ஃப்ளைட்டில் வந்து, அறுபது ஸ்லைடை நாற்பது நிமிஷத்தில் ஓட்டி, 'டைம் இல்லை, கேள்வி இருந்தால் மெயில் பண்ணுங்க' என்று மத்தியான ஃப்ளைட்டில் திரும்புகிறார். கேள்வி கேட்பதற்காக அழைக்கப்பட்டவரிடம் கேள்விக்கு நேரமில்லை. முன்னவருக்கு விஷயம் தெரியாது, பின்னவருக்கு நிறுத்தத் தெரியாது. இருவரும் ஒருவரை ஒருவர் லிஃப்டில் சந்தித்திருந்தால் அதிகம்.

இவர்கள் சொன்னதை நம்பி ஒரு மேனேஜர் தப்பு முடிவு எடுத்தால் இவர்களுக்கு ஒரு சேதமும் இல்லை. இதுதான் என் முக்கியமான புகார். சேதம் உள்ள இடம் எப்படி இருக்கும் என்று பார்க்கத் தூரமாகப் போக வேண்டாம். அந்த எஸ்.எல்.வி.-3 கிளம்பிய ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே கடல். மேற்கே பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. ராக்கெட் விடும் நாட்களில், அந்தப் பக்கம் கடலுக்குப் போகாதே என்று அறிவிப்பு வரும் மீனவ கிராமங்கள் அதன் கரையில் இருக்கின்றன.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் போன்ற ஊர்களில் 'பாடு' என்று ஒரு ஏற்பாடு. ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை ஒட்டி, இறால் கடலுக்கும் ஏரிக்கும் போய் வரும் வழியில் வலை கட்டுகிறவனுக்கு யோகம். தள்ளிக் கட்டுகிறவனுக்கு அவ்வளவு இல்லை. பலசாலிதான் நல்ல இடத்தைப் பிடிப்பான் என்று விட்டால் தினம் அடிதடி. அதனால் இடங்களைப் பிரித்து, ஆட்களைக் குழுவாக்கி, சீட்டு குலுக்கி, முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு நல்ல இடம் என்றால் நாளைக்குச் சுமாரான இடம். மீறினால் ஊர் பஞ்சாயத்தில் அபராதம். ஐ.நா.வின் உணவு, வேளாண் நிறுவனம் இதைப்பற்றி 1991-ல் செபாஸ்டியன் மேத்யூ எழுதிய ஓர் ஆய்வையே வெளியிட்டிருக்கிறது.

நான் கவனிப்பது அந்தக் கூட்டத்தின் அமைப்பை. அதை நடத்தும் பெரியவரும் வலை கட்டுகிறவர். எந்த இடத்தில் எந்த மாதம் என்ன நீரோட்டம் என்று வாதாடுகிற நிபுணரும் வலை கட்டுகிறவர். அமாவாசைக்கு நீர் இப்படி ஓடும் என்று ஒருத்தர் அடித்துச் சொன்னால், அவர் வலையும் அதே தண்ணீரில்தான் கிடக்கப்போகிறது. சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு ஃப்ளைட் பிடிக்க முடியாது.

இதைக் கேட்டதும் கண் கலங்கி, 'ஆகா, நம் முன்னோர்கள்!' என்று யாராவது ஸ்லைடு போடக் கிளம்புவதற்குள் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாட்டில் சேருவதற்குக் குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட சாதியில் தலைக்கட்டாக, ஆணாக இருக்க வேண்டும். மீன் விற்கும், கருவாடு போடும் பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு இல்லை. ஏரியை நம்பி வாழும் மற்ற சாதிக்காரர்களுக்கும் இல்லை. சாரா கூல்தார்ட் என்ற ஆய்வாளர் 2008-ல் எழுதிய கட்டுரையில், ஏரி மாறும்போது யார் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதில் இந்த உரிமை இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று காட்டுகிறார். கூட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு அற்புதமான நியாயம். வெளியே நிற்பவர்களுக்குக் கதவு. நல்ல மாடரேட்டர் முதலில் பார்க்க வேண்டியது காலி நாற்காலிகளை. பாடு அதைப் பார்ப்பதில்லை. கார்ட்டர் ரேஸிங்கில் கேட்காமல் விட்ட 17 நாள் மாதிரி, இந்த நாற்காலிகளும் யாராவது கேட்டால்தான் தெரியும்.

அதே ஏரிக்கரையில் இன்னொரு வகைக் கூட்டமும் உண்டு: பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். துறைமுகமோ அனல் மின்நிலையமோ வருவதற்கு முன்னால், 2006-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி மாவட்ட கலெக்டரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை தாங்கி நடத்த வேண்டும். ஆக, மாடரேட்டர் கலெக்டர். சப்ஜெக்ட் எக்ஸ்பர்ட், சுற்றுச்சூழல் அறிக்கையைத் தயாரித்த கன்சல்டன்ட். அவருக்குப் பணம் கொடுப்பது திட்டத்தைக் கொண்டுவரும் கம்பெனி. அறிவிக்கையில் ஒரு வரி என்னைத் தூக்கிவாரிப்போட்டது: கூட்டத்தைத் தொடங்க இத்தனை பேர் இருக்க வேண்டும் என்கிற கட்டாயம் கிடையாது. முடிவும் அங்கே எடுப்பதில்லை. நடந்ததை எழுதி, கூட்டத்தில் வாசித்துக் காட்டி, கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிடுவார்கள். ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்காக 2021 ஜனவரியில் இப்படி ஒரு கூட்டம் அறிவித்துத் தள்ளிவைத்தார்கள். 2023 செப்டம்பரில் மறுபடி அறிவித்து, மறுபடி தள்ளிவைத்தார்கள்.

லீடர்ஷிப் வகுப்புக்கு உண்மையான பரீட்சை இந்தப் பந்தலில்தான். ஐ.ஏ.எஸ். அதிகாரிகளையும் நடுவயதில் மறுபடி வகுப்புக்கு அனுப்புகிறார்கள். கம்பெனிக்காரர்களைக் கேட்கவே வேண்டாம். மேடையில் இருக்கும் இரு தரப்பும் பயிற்சி பெற்றவர்கள். கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கும் பெண், 'மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைச்சுப்போனா இறால் எந்த வழியா சார் உள்ள வரும்?' என்று கேட்கிறாள் என்று வையுங்கள். 'பதிவு செய்துகொள்ளப்பட்டது, அடுத்தவர்' என்று மைக்கை வாங்கினால் அவர் டைம்கீப்பர். மாடரேட்டர் என்றால் கன்சல்டன்ட் பக்கம் திரும்பி, 'இதற்கு உங்கள் அறிக்கையில் எந்தப் பக்கத்தில் பதில் இருக்கிறது? எந்த மாதத்தில் அளந்தீர்கள்? அளக்காத மாதங்களில் என்ன நடக்கிறது?' என்று கேட்க வேண்டும். திட்டத்தைப்பற்றி விளக்கம் கேட்பதற்கு வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்று அதே அறிவிக்கை சொல்கிறது. அதிகாரம் கையில் இருக்கிறது. பழக்கம்தான் இல்லை.

பழக்கிக்கொள்ள ஒரு யோசனை. அடுத்த வகுப்பை ரிசார்ட்டில் வைக்காமல் பழவேற்காட்டில் வையுங்கள். இந்த அறிக்கைகளின் சுருக்கத்தைத் தமிழிலும் தர வேண்டும் என்பது விதி. ஏதாவது ஒன்றை வாங்கி மேனேஜர்களுக்கு முந்தின நாளே படிக்கக் கொடுங்கள். எதிரே பாட்டுக்காரர் இருவர், மீன் விற்கும் பெண்கள் இருவர், கையால் இறால் பிடிக்கும் இருளர் இருவர். இவர்கள் சப்ஜெக்ட் எக்ஸ்பர்ட்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார்கள். மாடரேட்டர் ஓரமாக, காலர் மைக் இல்லாமல். ஃபீட்பேக் ஃபாரத்தை அந்த ஆறு பேரிடம் கொடுத்துவிடுங்கள். ஃபீஸும், மூன்றாம் நாள் ஃப்ளைட்டில் வருகிறாரே, அவருக்குக் கொடுக்கிற அதே ஃபீஸ். ஒரு நாள் தொழில் போகிறதல்லவா, அதற்குத் தனியாக.